கப்பற்காரரின் காலாள்

நாலாவது நகர்த்தலில் வெள்ளை தன் இடப்பக்கத்துக் காலாள் ஒன்றை இரண்டு கட்டம் தள்ளி, கறுப்பு மந்திரியின் வாய்க்கு நேரே வைக்கிறது. பி4. அந்தக் காலாளுக்குக் காவல் கிடையாது. மந்திரி வெட்டலாம், குதிரையும் வெட்டலாம். வெட்டினால் வெள்ளையால் உடனே திருப்பி வெட்ட முடியாது.

எவன்ஸ் கேம்பிட் என்று இதற்குப் பெயர். வில்லியம் டேவிஸ் எவன்ஸ் வேல்ஸ் நாட்டுக் கப்பற் தலைவர். 1790 இல் பிறந்தவர். வேல்ஸின் மில்ஃபர்ட் ஹேவனுக்கும் அயர்லாந்தின் வாட்டர்ஃபர்டுக்கும் இடையே தபால் கொண்டுபோன நீராவிக் கப்பலை ஓட்டியவர். 1824 வாக்கில் இந்த நகர்த்தல் அவருக்குத் தோன்றியது என்பார்கள். சில ஆண்டுகள் கழித்து லண்டனில் மக்டொனல் என்ற பலமான ஆட்டக்காரரை இதை வைத்துத் தோற்கடித்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பாவில் தாக்கி ஆட ஆசைப்பட்டவர்கள் பலரும் இதை எடுத்தார்கள். 1852 இல் பெர்லினில் ஆண்டர்சன் டுஃப்ரேனை வென்ற புகழ்பெற்ற ஆட்டமும் இதே தொடக்கம்தான்.

கப்பல்கள் இரவில் ஏற்றும் மூவண்ண விளக்கும் இவருடைய யோசனை என்று சொல்லப்படுகிறது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பாய்மரத்தில் வெள்ளை. எதிரே வரும் கப்பலில் சிவப்பு மட்டும் தெரிந்தால் அது ஒரு திசை, பச்சை மட்டும் தெரிந்தால் மறு திசை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நம் மீதே வருகிறது. எதிரே வருபவனுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று யோசித்துப் பழகிய மனிதர் செஸ் பலகையில் உட்கார்ந்தால் இப்படி ஒரு காலாளை வைப்பதில் வியப்பில்லை என்று எனக்குப் படுகிறது. இங்கே இலங்கையின் கற்பிட்டியில் களப்புக்குள் போகும் சிறு படகுகளில் பலவற்றுக்கு ஒரு டோர்ச்தான் விளக்கு.

*

சோளகம் அடிக்கும் மாதங்களில் இந்தத் தீபகற்பத்தில் வெளியே பலகை விரித்துச் செஸ் ஆடுவது லேசான காரியம் இல்லை. மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்க வருவதற்கும் காரணமான அதே காற்றுதான். பிளாஸ்டிக் காய்கள் தாமாகவே நகரும். குதிரை சரியும். மந்திரி உருண்டு மணலுக்குள் போய்விடும்.

நான் ஆடுவது வெளியிணைப்பு எஞ்சின் திருத்தும் பாஸ் ஒருவரோடு. வயதில் மூத்தவர், நானா என்று கூப்பிடுவேன். என் காய்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் பொள்ளல். பட்டறைக்குப் போய்ப் பழைய நட்டுகளை அளவு பார்த்து எடுத்து வந்து, ஒவ்வொரு காய்க்குள்ளும் ஒன்றை வைத்துப் பசையால் அடைத்தார். ராசாவுக்கும் ராணிக்கும் பெரிய நட்டு, காலாளுக்குச் சின்னது. இப்போது காலாளைத் தூக்கினாலும் கை கனம் உணர்கிறது. இது ஆட்டத்துக்கு நல்லது. கனமான காயை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள்.

*

நானா டாம் ஆடி வளர்ந்தவர். வாடிகளில் மீன்பிடி இல்லாத நாட்களில் சோடா மூடிகளை வைத்து ஆடிய டாம். செஸ்ஸுக்கு வந்தது பிற்பாடு.

ஓர் எவன்ஸ் ஆட்டத்தைக் காட்டினேன். பி4 வைத்ததும் அவர் கை தானாகவே கறுப்பு மந்திரிக்குப் போனது.

“வெட்டாமெ விட ஏலுமா?”

“ஏலும் நானா. பின்னால இழுத்துக்கொள்ளலாம்.”

அவர் சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாமில் வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆகவேண்டும். அதனால் அங்கே இரை வைப்பது என்றால் எதிராளியை இழுத்துக்கொண்டு போவது, அவ்வளவுதான். அவனுக்கு வேறு வழி இல்லை. செஸ்ஸில் வழி இருக்கிறது. கேம்பிட்டின் கூர்மை அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். கட்டாயம் இல்லாத இடத்தில் மனிதன் தானே கையை நீட்ட வேண்டும். நீட்டிய பிறகு யாரையும் நோக முடியாது.

“அப்ப இது டாமவிடக் கஷ்டம்,” என்றார் நானா.

*

நான் காட்டியது 1995 ஏப்ரலில் ரீகாவில் நடந்த ஆட்டம். வெள்ளை கஸ்பரோவ், கறுப்பு விஸ்வநாதன் ஆனந்த். போட்டி மிக்கேல் தால் நினைவாக நடந்தது. தால் பிறந்த ஊர் ரீகா. அவர் 1992 இல் காலமானார். காய்களைப் பலி கொடுத்து ராசாவைத் துரத்துவதில் அவரைப் போல இன்னொருவர் இல்லை என்று ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் பேசுவார்கள்.

ஆனந்த் சிறுவனாகச் செஸ் பழகியது சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் இயங்கிய கழகத்தில். அதன் பெயரும் தால் செஸ் கழகம்தான். 1972 இல் அதைத் தொடங்கியவர் மானுவல் ஆரோன். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். ஆக, தாலின் பெயர் தொங்கிய அறையில் ஆட்டம் கற்ற பிள்ளை, தாலின் ஊரில், தாலின் நினைவுப் போட்டியில், தாலுக்குப் பிடித்த வகை ஆட்டத்தை எதிர்கொள்கிறான். இதில் விதி ஏதும் இல்லை. செஸ் உலகம் சின்னது, பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் அந்தச் சுற்றில் ஆனந்த் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபோது சுவரில் தாலின் படம் ஏதும் இருந்ததா என்று யோசித்துக்கொள்வேன்.

இன்னொன்றும் இருந்தது. அதற்கு முந்திய மாதம்தான் கம்ஸ்கியை வென்று, உலகப் பட்டத்துக்குக் கஸ்பரோவோடு மோதும் உரிமையை ஆனந்த் பெற்றிருந்தார். சாம்பியனும் சவால்காரரும் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் சந்திக்கிறார்கள். அந்த நேரத்தில் கஸ்பரோவ் நூறு வருஷம் பழைய பெட்டியைத் திறந்து, பெரும்பாலானவர்கள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்ட தொடக்கம் ஒன்றை எடுத்து வைத்தார். முன்னாள் உலக சாம்பியன் லாஸ்கரின் காலத்திலேயே காலாளைத் திருப்பிக் கொடுத்துத் தாக்குதலை அணைக்கும் வழி தெரிந்துவிட்டது. அதன் பின் உச்சி மட்டத்தில் இதைத் தொட்டவர்கள் குறைவு.

ஆனந்த் வெட்டினார். மந்திரியால் வெட்டினார். வெள்ளை சி3 என்று துரத்தியதும் மந்திரியை ஈ7க்குக் கொண்டுவந்து ராசாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அடக்கமான, நிதானமான இடம். பேராசைக்காரர் ஏ5க்குப் போயிருப்பார். அதனால், ஆசைப்பட்டு விழுந்தார் என்று ஆனந்தை யாரும் சொல்ல முடியாது.

*

ஏழாவது நகர்த்தலில் எனக்கு எப்போதும் கை நின்றுவிடும்.

ஆனந்தின் குதிரை ஏ5இல் வந்து, சி4இல் நிற்கும் வெள்ளை மந்திரியைக் குத்துகிறது. அந்த மந்திரிதான் இத்தாலியத் தொடக்கத்தின் கொடுவாள். எஃப்7இல் கறுப்பு ராசாவின் பலவீனமான புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்பது. தாக்குதல் ஆட்டம் என்றால் எல்லோரும் எதிர்பார்ப்பது ஈ5 காலாளை வெட்டிவிட்டு மந்திரியைக் குதிரைக்கு மாற்றிக் கொடுப்பது. அப்படி ஆடினால் கறுப்பு டி5 தள்ளி மூச்சு விட்டுக்கொள்ளும்.

கஸ்பரோவ் மந்திரியை ஈ2க்குப் பின்வாங்கினார்.

சாதாரண மந்திரி நகர்த்தல். கொடுத்த காலாள் கொடுத்ததுதான், திருப்பிக் கேட்கவில்லை. எஃப்7ஐப் பார்த்துக்கொண்டிருந்த கொடுவாளையும் உறையில் போட்டாயிற்று. கூர்மையான தொடக்கம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. இங்கே அதன் மிகக் கூர்மையான இடம் ஒரு பின்வாங்கல். சத்தமே இல்லாமல்.

ஏன் என்று புரிய எனக்கு நிறைய நாள் எடுத்தது. மந்திரி மாற்றப்படாமல் உயிரோடு இருக்கிறது, அது ஒன்று. ஆனால் பெரிய விஷயம் ஏ5இல் நிற்கும் கறுப்புக் குதிரை. அது பலகையின் ஓரத்துக்கு ஒரு வேலையாகப் போனது. அந்த வேலையை வெள்ளை நடு வழியில் ரத்துச் செய்துவிட்டது. குதிரை அங்கே வெறுமனே நிற்கிறது. இரண்டு நகர்த்தலில் திரும்பி சி6க்கே வரும். போய் வந்த நேரம் போனதுதான்.

அடுத்த நகர்த்தலில் வெள்ளை ராணி டி4க்கு வந்து நடுப்பலகையில் நின்று ஜி7ஐப் பார்க்கிறது. ராணியை இவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவரக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். கஸ்பரோவுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

*

கறுப்பின் மற்றக் குதிரை, ராசாப்பக்கத்துக் குதிரை. எஃப்6, டி5, பி6, டி7, ஈ5, எஃப்7, எச்6. ஏழு நகர்த்தல். கடைசி இடத்தில் ஒரு மந்திரியை வெட்டி, அங்கேயே ராணியால் வெட்டுப்பட்டது. இரண்டு குதிரைகளுக்குமாகக் கணக்குப் பார்த்தால் ஆனந்தின் 24 நகர்த்தல்களில் 11 குதிரைகளுக்கே போயிற்று. அவருடைய இன்னொரு மந்திரி முதன்முதலில் அசைந்தது 23ஆவதில். ராணி அசைந்தது 24ஆவதில். இரண்டு கோட்டைகளும் கடைசி வரை தொடங்கிய மூலையிலேயே நின்றன.

ஒவ்வொரு நகர்த்தலையும் தனித்தனியாகப் பார்த்தால் காரணம் இருக்கிறது. எஃப்6இல் நின்றபோது ஈ5 காலாள் துரத்தியது, டி5க்குப் போனது. அங்கேயும் துரத்தல் வரும் என்று தெரிந்து பி6க்கு ஒதுங்கியது. வெள்ளை சி4 போட்டுத் திரும்பும் வழியை மூடியது. பி6இல் வேலை இல்லை, டி7க்கு வந்தது. எல்லாம் நியாயம். நியாயமான பதில்களை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஒரு மனிதன் தன் வீட்டை முழுசாக இழக்கலாம் என்று பார்க்கும்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

*

15ஆவது நகர்த்தல். வெள்ளை மந்திரி எச்6இல் வந்து உட்கார்கிறது. யாரையும் வெட்டவில்லை, யாரையும் மிரட்டவில்லை. எஃப்8 என்ற வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிறது. அவ்வளவுதான். ஆனால் ராசா தன் பக்கத்தில் கோட்டை கட்ட வேண்டும் என்றால் எஃப்8ஐத் தாண்டித்தான் போக வேண்டும். தாக்குதலில் இருக்கும் கட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

இங்கே கற்பிட்டியிலும் அப்படி ஒரு காவல் உண்டு. மாலையில் கடற்படை முகாமுக்குள் இருக்கும் டச்சுக் கோட்டை மதில் வெளியிலிருந்து தெரியும். போர்த்துக்கேயரிடமிருந்து டச்சுக்காரர் கற்பிட்டியை 1659 இல் பிடித்தார்கள். 1667 இல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கண்டி ராச்சியத்தின் மன்னருக்குக் கடலுக்கு வர இருந்த வாசல்களில் புத்தளம் ஒன்று. புத்தளத்திலிருந்து கடலுக்கு வர வேண்டுமென்றால் களப்பின் வாயைத் தாண்ட வேண்டும். அந்த வாயில் டச்சுக்காரர் போய் உட்கார்ந்தார்கள். கண்டிக்குள் படை அனுப்பித் தோற்பதைவிட இது மலிவு. 1795 இல் ஆங்கிலேயர் வந்து எடுக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தார்கள்.

எச்6இல் நின்ற மந்திரி ஐந்து நகர்த்தல் அங்கேயே இருந்தது.

*

கணக்கு. ஆனந்த் 15ஆவதில் இன்னொரு காலாளை, ஈ5இல் நின்றதை, எடுத்தார். ஒரு ஜோடிக் குதிரைகள் மாறின. பின்பு வெள்ளை சி5 தள்ளியது. இந்தக் காலாளையும் எடுக்க முடியாது. எடுத்தால் டி வரிசை திறந்து, டி1இல் காத்து நிற்கும் கோட்டை நேரே கறுப்பு ராணியைப் பிடிக்கும். 20ஆவதில் வெள்ளை ராணி ஈ3க்கு வந்து நின்றது. எச்6 மந்திரியைக் குதிரை வெட்டப் போகிறது என்று தெரிந்தும் அதை நகர்த்தவில்லை. குதிரை வெட்டியது, ராணி குதிரையை வெட்டியது, ராணி இப்போது எச்6இல் நின்று அதே எஃப்8ஐப் பார்த்தது. காவல் மாறியது, வாசல் திறக்கவில்லை. அடுத்தது ஈ3இல் இருந்து ராசாவுக்குச் செக். ராசா எஃப்7க்கு நடந்து வர வேண்டியதாயிற்று. இனிக் கோட்டை கட்டும் பேச்சே இல்லை. வெள்ளைக் குதிரை டி5, எஃப்4. கோட்டை ஈ1. 25 நகர்த்தல். ஆனந்த் கை கொடுத்தார்.

அந்த நேரத்தில் பலகையைப் படம் பிடித்துச் செஸ் தெரியாத ஒருவரிடம் காட்டி, யாரிடம் அதிகம் இருக்கிறது என்று கேட்டால் கறுப்பைத்தான் காட்டுவார். இரு பக்கமும் ராணி, இரண்டு கோட்டைகள். வெள்ளைக்கு மந்திரியும் குதிரையும், கறுப்புக்கு இரண்டு மந்திரிகள். காலாள் வெள்ளைக்கு நாலு, கறுப்புக்கு ஆறு. இரண்டு காலாள் லாபத்தோடு தோற்றார் ஆனந்த்.

நானா எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். நட்டுக் கனத்தில் அந்த ஆறு காலாள்களும் கறுப்புப் பக்கம் நன்றாகவே இருந்தன.

“இவ்வளவு இருந்துமா குடுத்துட்டாரு?”

ஈ6இல் கறுப்பு மந்திரி. அதன் மீது குதிரையும் ராணியும் பாய நிற்கின்றன, ஈ2 மந்திரி விலகினால் கோட்டையும் சேரும். காப்பவர்கள் ராணியும் ராசாவும். குதிரை வெட்டியதும் என்ன ஆகும் என்று நானாவே ஆடிப் பார்த்தார். மூன்றாம் முறை ஆடிப் பார்த்த பிறகு எதுவும் சொல்லவில்லை.

*

இந்தக் கரையில் முற்பணம் வாங்காத படகு குறைவு. வலைக்கோ எஞ்சினுக்கோ முதலாளி காசு தருவார். வட்டி என்று ஒன்றும் எழுதப்படாது. பிடிக்கும் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. நானா தன் வாலிபத்தில் அப்படி ஒரு படகுக்கு எஞ்சின் பூட்டிக் கொடுத்த கதையைச் சொன்னார். எஞ்சின் நல்ல எஞ்சின். காசு கொடுத்தவரும் கெட்டவர் இல்லை. படகுக்காரர் கடைசிவரை தன் மீனுக்குத் தான் விலை சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை.

காலாளை வெட்டியவன் அடுத்த பத்து நகர்த்தலுக்கு யோசிக்க வேண்டியது என்ன என்பதை வெள்ளை முடிவு செய்கிறது. ரீகா ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தெரிவது அந்த அதிகாரம்தான். புத்தகங்கள் அதை ‘முனைப்பு’ என்கின்றன. கஸ்பரோவ் ஒரு காலாளுக்கு அதை வாங்கினார். மலிவு.

அதற்காக வெட்டியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டலாம் என்பதுதான் இன்றைய கணினிகளின் தீர்ப்பும். காலாளை வெட்டி, உரிய நேரத்தில் திருப்பிக் கொடுத்து, சமமாக வெளியேறும் வழிகள் உண்டு. கடனை அடைத்துவிட்டுத் தன் விலையைத் தானே சொல்லும் படகுகளும் இங்கே உண்டு, நாலைந்தை நானே காட்டுவேன்.

*

ரீகாவில் முதலிடம் கஸ்பரோவுக்கு. செப்டெம்பரில் நியூயோர்க்கில், உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில் இருவரும் பட்டத்துக்கு ஆடினார்கள். முதல் எட்டு ஆட்டமும் சமன். ஒன்பதாவதை ஆனந்த் வென்றார், பத்தாவதைக் கஸ்பரோவ். முடிவில் 10½–7½, கஸ்பரோவ் பட்டத்தை வைத்துக்கொண்டார். அந்தப் போட்டியில் எவன்ஸ் வரவே இல்லை. கஸ்பரோவ் வேறு தொடக்கங்களை எடுத்தார். ஆனந்த் 2000 இல் உலக சாம்பியன் ஆனார், பிறகு 2007 இலிருந்து 2013 வரை பட்டத்தை விடாமல் வைத்திருந்தார். ரீகாவில் 25 நகர்த்தலில் தோற்றதை இன்றைக்கு யாரும் அவருக்கு எதிராகச் சொல்வதில்லை. என்னைப் போல அதையே திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு.

*

எவன்ஸ் கேம்பிட்டை வெட்டாமல் விட்டால் என்ன என்று நானா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் ஓர் ஆட்டம் உண்டு, அதே கஸ்பரோவ், அதே 1995. ரீகாவுக்குச் சில வாரங்கள் கழித்து ஆம்ஸ்டர்டாமில், முன்னாள் உலக சாம்பியன் ஆய்வேயின் நினைவுப் போட்டியில். கறுப்பு நெதர்லாந்தின் ஜெரோன் பிக்கெட்.

பிக்கெட் ரீகா ஆட்டத்தைப் பார்த்திருப்பார். அவர் பி4 காலாளைத் தொடவில்லை. மந்திரியை பி6க்கு இழுத்துக்கொண்டார்.

“அதான்!” என்றார் நானா. பட்டறைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வெள்ளை ஏ4. கறுப்பு ஏ5. காலாள் பி5, குதிரை டி4, குதிரை குதிரையை வெட்டியது, மந்திரி திருப்பி வெட்டியது. நானாவுக்கு ஒவ்வொன்றும் பிடித்திருந்தது. கறுப்பு ஒன்றையும் அநியாயமாக எடுக்கவில்லை. 14ஆவது நகர்த்தலில் டி4இல் ஒரு காலாளை வெட்டியது. நானா நிமிர்ந்து பார்த்தார். 15ஆவதில் வெள்ளைக் குதிரை டி5க்குப் பாய்ந்தது, ஏ1 மூலையில் நின்ற கோட்டையை அப்படியே விட்டுவிட்டு.

கோட்டைக்குள் இருக்கும் நட்டு இந்தப் பெட்டியிலேயே பெரியதுகளில் ஒன்று. பிக்கெட் அதை வெட்டினார். வெள்ளை ராணி மந்திரியைத் திருப்பி வெட்டியது. 29ஆவது நகர்த்தலில் பிக்கெட் கை கொடுத்தார்.

நானா காய்களை மீண்டும் அடுக்கத் தொடங்கினார். வெள்ளையைத் தன் பக்கம் வைத்தார். முதல் மூன்று நகர்த்தலும் கடகடவென்று போனது. நாலாவதில் பி2 காலாளைத் தூக்கி, கையில் கனம் பார்த்து, பி4இல் வைத்தார்.

“ம், வெட்டுங்க தம்பி. இல்லாட்டி விடுங்க. ரெண்டும் ஒங்க விருப்பம்.”